கை வைத்தால் அடங்கும் இரைச்சல்

இரைச்சல் தணிந்தபோது அவர் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

குழாயில் கொட்டும் தண்ணீருக்கும் மேலே சுற்றும் விசிறிக்கும் அடியில், முன்னறையிலிருந்து அது வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. கிட்டாரைத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் எழுந்து வந்தால் அப்படித்தான் இரைந்துகொண்டிருக்கும், பட்டறையில் வேலை முடிந்த பிறகும் வெல்டிங் மெஷின் தனக்குத்தானே முனகிக்கொண்டிருப்பதுபோல. ஆயுசில் பாதியை அந்த முனகலுக்குள் கழித்த காதுக்கு அது ஒரு சத்தமாகவே படாது. குறைந்தால்தான் படும்.

குறைந்தது. நிற்கவில்லை. ஒரு படி கீழே இறங்கி, அங்கேயே நின்றது.

அவர் குழாயை மூடினார். கரண்ட் இறங்கியிருந்தால் விசிறியும் சோர்ந்திருக்கும். விசிறி அதே வேகத்தில்தான் சுற்றியது. விரல் நுனியிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்று கேட்டார்.

அந்தக் கிட்டாரில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்கப். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவற்றின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள். கம்பியை மட்டும் கேட்கிற ஒழுக்கம் அதற்குக் கிடையாது. சுவருக்குள் ஓடுகிற மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். கம்பிகளின் மேல் யாராவது கை வைத்தால் அந்த இரைச்சல் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி எழும். துணியைப் போர்த்தினாலும் அடங்காது, கிட்டாரைப் படுக்க வைத்தாலும் அடங்காது. கைதான் வேண்டும்.

அந்த வீட்டில் இருந்ததோ அவர் ஒருத்தர். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

ஈரக் கையோடு முன்னறை வாசலுக்கு வந்தார். அவர் கால் அந்தத் தரையில் பட்டதும் இரைச்சல் பழைய உயரத்துக்கு எழுந்தது. கிட்டார் தாங்கியில் இருந்தது. பக்கத்தில் தையல் மெஷின், அதன் மேல் போர்த்திய பூப்போட்ட துணி. வேறொன்றும் இல்லை.

தையல் மெஷின் அவருடைய மனைவியுடையது. அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

பட்டறையில் அவரைப் 'பொறி' என்று கூப்பிடுவார்கள். கோபத்துக்கு வைத்த பெயர் அல்ல, சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டைகள். அந்த ஓட்டைகளை அடைத்து அடைத்தே அவளுக்குக் கண் மங்கிப்போனது. பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருத்தன் ஊரை விட்டுப் போகும்போது கிட்டாரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். நாலு பாட்டு கற்றுக்கொண்டார். அதில் மூன்று ஒரே பாட்டு மாதிரி இருக்கும். வாசித்து முடித்து, அணைக்காமல் எழுந்து போய்விடுவார். அவள் மெஷினை விட்டு எழுந்து வருவாள்.

"வாசிக்கத்தான் தெரியலை, அணைக்கவுமா தெரியலை?"

அணைக்கிற பொத்தான் எதுவென்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் கம்பிகளின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். பிறகு கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் வந்து அணைக்கும்வரை நிற்பாள். இரைச்சல் இரண்டு முறை தணிந்து எழும். மூன்றாம் முறை தணிந்து நிற்கும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அதைக் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், அவள் நிற்கிறாள் என்று.

அதனால் அன்று அவருக்குப் பயம் வரவில்லை. பயத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல நெஞ்சுக்குள் காற்று நுழைந்தது.

மறுநாளிலிருந்து ஆம்ப்ளிஃபயரை வேண்டுமென்றே அணைக்காமல் விட்டார். வேலை விட்டு வந்ததும் முதல் காரியம் அதுதான். போட்டுவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் முன்னறையில் இருந்தால் அது நடப்பதில்லை. சில நாள் தணிந்தது. சில நாள் இல்லை. சில நாள் தணிந்ததா, அல்லது தணிய வேண்டும் என்று காது ஆசைப்பட்டதா என்றே தெரியவில்லை. அந்தப் பழைய சுருள் ஒரு நோஞ்சான். அது பிடித்துக் கொடுக்கிற இரைச்சலில் பாதி, தெருவில் போகும் வண்டிச் சத்தத்திலேயே கரைந்துவிடும். இரண்டு தட்டுத் தட்டினாளா? தட்டாமல் வைத்தாளா? பிடிபடவில்லை.

மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடலாம். வீட்டுக்காரர்கிட்ட நானே பேசிட்டேன்."

"என்னம்மா அவ்வளவு அவசரம்?"

"அவசரமா? போன வாரம் அடுப்பை எரிய விட்டுட்டு வேலைக்குப் போயிருக்கீங்க. மேல்வீட்டு அக்கா பின்கதவைத் தள்ளிக்கிட்டு வந்து அணைச்சிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அங்க வந்தா உன் பையன் கிட்டாரை உடைச்சிடுவான்."

"உடைச்சா அக்கம்பக்கத்துல நாலு பேர் எனக்கு மாலை போடுவாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்த இடத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது. "அம்மாவை எப்படிம்மா தனியா விட்டுட்டு வர்றது?"

அந்தப் பக்கம் அவள் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"அப்பா. அம்மா இல்லப்பா."

"சரிம்மா," என்றார். "சாப்பிட்டியா?"

போனை வைத்த பிறகு யோசித்தார். மகள் கூப்பிடுகிற இடத்தில் உயிருள்ள மனுஷர்கள் இருக்கிறார்கள், பேரன் இருக்கிறான், தட்டில் சூடாகச் சோறு வரும். போக ஆசைதான். ஆனால் இவள் இங்கேயே இருக்கிறாள் என்றால், பூட்டிய வீட்டுக்குள், பேசுவதற்கு ஒரு இரைச்சல்கூட இல்லாமல், இருட்டில் நின்றுகொண்டே இருப்பாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. தெரிந்துகொள்ள, நல்ல காது ஒன்று வேண்டும்.

இசைக்கருவி பழுது பார்க்கும் கடைக்காரர் அவரைவிட இளையவர். கொஞ்சம் வாய்த் துடுக்கு.

"இருக்கிறதிலேயே சூடான பிக்கப் ஒண்ணு கொடு," என்றார் இவர்.

சூடானது என்றால் தொட்டால் சுடுவது அல்ல. சுற்று அதிகம், காந்தம் பலம். ஈ உட்கார்ந்தாலும் இடி மாதிரிக் கேட்கும் என்று அர்த்தம்.

"ஏண்ணே, இருக்கிற பாட்டுக்கே பக்கத்து வீட்டுக்காரங்க ஓடுறாங்கன்னு கேள்விப்பட்டேன்." பேச்சோடு பேச்சாக ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். "ஹம்பக்கர். இரட்டைச் சுருள். இதைவிடச் சூடு என்கிட்ட இல்லை. இதைப் போட்டா இரைச்சல் சுத்தமா போயிடும்."

"இரைச்சல் போகக் கூடாது."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "போகக் கூடாதா? ஊர்ல இருக்கிறவன் எல்லாம் அது போகணும்னுதான் என் கடைக்கு வர்றான்."

"எப்படிப் போகுது அது?"

"ரெண்டு சுருளும் எதிரும் புதிருமா இணைச்சிருக்கும். ரெண்டுலயும் வர்ற இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுச் செத்துடும். கம்பிச் சத்தம் மட்டும் ரெட்டிப்பா வரும். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டா வீட்டுல சோறு மட்டும் ஒழுங்கா வேகுற மாதிரி."

"ரெண்டையும் ஒரே பக்கமாத் திருப்பி இணைச்சா?"

"தலைகீழாயிடும். இரைச்சல் ரெட்டிப்பாகும், கம்பிச் சத்தம் செத்துடும்." கடைக்காரர் சிரித்தார். "வாசிக்கவே வாசிக்காத ஆளுக்குத்தான் அது ஆகும்ணே."

இவர் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பிடிக்கலைன்னா திருப்பி மாட்டிக்கலாம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினார். மேல்வீட்டில் எல்லோரும் எங்கேயோ புறப்பட்டுப் போயிருந்தார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கி, தெருமுனையில் மறைந்தது. அதன் பிறகு கட்டிடமே காதைப் பொத்திக்கொண்டதுபோல் ஆனது. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். கிட்டாரின் முகப்பை மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளை எடுத்து ஒரு மூடியில் போட்டார். தகட்டைப் புரட்டியபோது உள்ளேயிருந்து பழைய மெழுகும் தூசியும் கலந்த வாசனை எழுந்தது, பூட்டிய பீரோவைத் திறந்ததுபோல. இரட்டைச் சுருள் பழைய குழியில் இறங்கவில்லை. தகட்டை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். மரத்தை உளியால் செதுக்கினார். இரும்போடு பழகிய கைக்கு மரம் வெண்ணெய்போல இருந்தது. தேவைக்கு மேலேயே ஆழமாகப் போய்விட்டது.

பழைய சுருளின் இணைப்பில் சூடான சால்டரிங் முனையை வைத்து இழுத்தபோது, தலைமுடியைவிட மெல்லிய அந்தச் செம்புக் கம்பி சுருளோடு ஒட்டும் இடத்தில் அறுந்தது. ஒரு நூல் அறுகிற சத்தம்கூட வரவில்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி இதை யாராலும் ஒட்ட முடியாது.

புதியதைக் கடைக்காரர் சொன்னதற்கு நேர்மாறாக, இரண்டு சுருளையும் ஒரே பக்கமாகத் திருப்பி இணைத்தார். ஈயம் உருகி மின்னி மங்கியது. தகட்டை மூடி, புதுக் கம்பி பூட்டி, தாங்கியில் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்.

இரைச்சல் முனகலாக வரவில்லை. பட்டறையில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடுவதுபோல் தரையிலிருந்து கிளம்பியது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. தடித்த கம்பியை விரலால் சுண்டினார். மரத்தில் நகம் பட்டதுபோல் ஒரு 'டிக்', அவ்வளவுதான். வாயைத் தைத்துவிட்டுக் காதை மட்டும் கிழித்துப் பெரிதாக்கியதுபோல் இருந்தது அது.

உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்தார். இரைச்சல் ஒரு படி இறங்கியது. சந்தேகத்துக்கு இடமில்லாத, முழுப்படி. இன்னொரு கையையும் வைத்தார். இன்னொரு படி. ஒரு கைக்கு ஒரு படி. கைகளை எடுத்தார். இரைச்சல் ஏறி நின்றது.

டியூப்லைட் இரைச்சலில் தன் கரகரப்பைக் கலக்கும் என்பதால் அதை அணைத்தார். விசிறியை அணைத்தார். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அக்கம்பக்கத்தில் திட்டுவார்களே என்று ஜன்னல்களை இறுக மூடித் திரையையும் இழுத்துவிட்டார். வெளியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அறைக்குள் அதற்கு முன்பே இருட்டிவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மட்டும் ஒரு மூலையில். போனைத் தையல் மெஷின் மேல் வைத்தார். இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை; அவளிடம் நேராகக் கேட்க வேண்டியது இருந்தது. எதிர்ச்சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஈயத்தோடு உருகிய ரோஸின் பிசினின் புகை மூக்கில் இருந்தது. வேர்வை காதோரமாக இறங்கிக் கழுத்தில் நின்றது. இரைச்சல் நெஞ்செலும்புக்குள் ஓடியது. வெகுநேரம்.

தணிந்து எழுந்தது. தணிந்து எழுந்தது.

தணிந்து, நின்றது.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்களின் இடுக்கில் கண்ணீர் ஓடியது. எதிரே கிட்டாரின் நிழல் மட்டும் தெரிந்தது. அதனருகில் யாரும் தெரியவில்லை. தெரியத் தேவையும் இல்லை.

"வந்துட்டியா," என்றார். குரல் இரைச்சலில் முங்கியது. இன்னும் கொஞ்சம் உரக்க, "பொண்ணு கூப்பிடுறா. அங்கேயே வந்துடச் சொல்றா. நான் என்ன செய்யட்டும்? போன்னா கையை எடுத்துடு. இருன்னா இன்னொரு கையையும் வை."

இரைச்சல் அசையவில்லை. அவள் எதையும் யோசித்துத்தான் செய்வாள்.

பிறகு ஏறியது. மெதுவாக, விரல் விரலாக, முழு உயரத்துக்கு.

எடுத்துவிட்டாள்.

போ என்கிறாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வலித்தது. ஆனால் சுமை இறக்கிய தோளில் வருகிற வலி. இனி அணைத்துவிடலாம். நாளைக்கே மகளிடம் சொல்லிவிடலாம். முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

ஒரு படி இறங்கியது.

தட்டாமல்.

உடனே இன்னொரு படி.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு கை. இருக்கச் சொல்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "என்னடி, உனக்கும் மனசு வரலையா?"

மூன்றாவது படி இறங்கியது.

சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. மூன்று. விரலை மடக்கிப் பார்த்தார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. மனுஷிக்கு இரண்டு கை.

நான்கு.

அணைக்கும் பொத்தான் கிட்டாருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கிட்டாரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரைச்சலின் நடுவில் ஒரு துடிப்பு. தணிந்து எழுந்து, தணிந்து எழுந்து, வேகவேகமாக. தட்டல். தூங்க வைக்கிற தட்டல் அல்ல. தூங்குகிறவனை உலுக்கி எழுப்புகிற தட்டல். அவள்தான். அந்தக் கைகளுக்கு இடையில் எங்கேயோ அவளும். போ, போ, போ, போ...

பாதித் தட்டலில் நின்றது.

ஐந்து. ஆறு.

சிறியதாக இறங்கிய ஒரு படி. குழந்தைக் கை.

கம்பி முனகியது. ஆம்ப்ளிஃபயரில் அல்ல, அறையில். எடை ஏறினால் பாலம் முனகுகிற முனகல். ஈர மண் வாசனை. பிறகு ஈர மண்ணுக்கும் அடியில் இருக்கிற வாசனை.

ஏழு. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. நசுங்கிய இரைச்சல் ஒரு கொசுவின் ரீங்காரமாகி, அதுவும் தேய்ந்து, இல்லாமல் போனது.

அப்படி ஒரு அமைதியை அந்த ஆம்ப்ளிஃபயர் ஒருநாளும் தந்ததில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவள் உள்ளே இருக்கிறாள். அதுமட்டும்தான் அவர் மனதில் இருந்தது. தட்டிக்கொண்டிருந்தவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு அடி. இன்னொரு அடி. அவர் இருட்டில் கையை நீட்டினார், கம்பிகளின் மேல், அவள் வழக்கமாக வைக்கிற இடத்தில்.

இடமில்லை.

விரல்கள். குளிர்ந்தவை. பக்கத்தில் பக்கத்தில், நெருக்கி, கிட்டாரின் கழுத்து முழுக்க, தலைவரை. அவர் தடவிக்கொண்டே போனார். மொட்டை நகம். வீங்கிய மூட்டு. மோதிரம். ஊசி குத்திக் குத்திக் காய்த்த அந்த நுனி மட்டும் இல்லை. இதுவும் இல்லை. இதுவும் இல்லை.

அவர் உள்ளங்கைக்குக் கீழே அவை ஒவ்வொன்றாகப் புரண்டு மல்லாந்தன.

தையல் மெஷின் மேல் போன் ஒளிர்ந்தது. மகள். அதன் நீல வெளிச்சம் கிட்டார்மேல் விழுந்தது. கிட்டாரின் மேல் ஒன்றுமே இல்லை. கம்பிகள் ஆறும் மட்டும் அடியிலிருந்து நுனிவரை மரத்தோடு மரமாக அழுந்திக் கிடந்தன. அவர் மணிக்கட்டில் வெள்ளையாக ஐந்து குழிகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கைக்குக் கீழே இன்னொரு ஐந்து. தோளில், சட்டைத்துணி அழுந்தி, சின்னதாக, இன்னொரு ஐந்து.

போன் அடித்து ஓய்ந்தது. வெளிச்சம் அணைந்தது.

திரும்பவும் அடிக்கத் தொடங்கியபோது, அந்த வெளிச்சத்தில் நாற்காலி இருந்தது, தாங்கி இருந்தது, தாங்கியில் கிட்டார் இருந்தது. கம்பிகள் தங்கள் இடத்துக்கு எழுந்திருந்தன. ஆம்ப்ளிஃபயர் முழுக் குரலில் இரைந்துகொண்டிருந்தது. அந்த அறையில் கை வைக்க ஆளில்லை.

பிறகு, மிக மெதுவாக, இரைச்சல் ஒரு படி இறங்கியது. காய்த்துப்போன, பொறி பட்ட தழும்புகள் நிறைந்த, கனமான கை வைத்ததுபோல.